இரண்டாவது கொதிகலன்

நகர அலுவலகத்தின் திட்டப் பிரிவில் அவளுக்கு வைத்திருந்த பெயர் மிச்சம் மேடம். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? முதுகுக்குப் பின்னால்தான். அவளுக்கும் அது தெரியும், தெரிந்தும் கோபப்பட்டதில்லை. சொல்லப்போனால் உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. ஒரு பக்கம் மட்டும் அச்சான தாளைக் குப்பைக்கூடையில் போட அவளுக்குக் கை வராது. கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, தட்டில் யாரும் தொடாத பிஸ்கட்டுகளை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் போதும், பக்கத்து அறையில் சிவனே என்று உட்கார்ந்திருப்பவருக்கும் சேர்த்துத் திட்டு விழும்.

வீட்டில் அவள் அக்கா. ஒரே ஒரு தம்பிக்கு அக்கா. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் கண்ணை மூடியபோது தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான், அவள் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவனுக்குச் சோறு போட்டு, ஆளாக்கி, கல்யாணமும் செய்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தன்னுடைய வயது போய்விட்டிருந்தது. இதைத் தியாகம் என்று யாராவது உச்சுக்கொட்டினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். நேரமில்லை, அவ்வளவுதான் என்பாள். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் இயந்திரம் என்றால் உயிர். கொதிகலன் ஓட்டுவதற்கு உரிமம் வாங்கிக்கொண்டு, கால்வாய்க்கரையில் பழைய பட்டறைகளுக்கு நடுவே ஒரு சலவைக்கூடம் தொடங்கினான். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் விடுதித் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வரும். கீழே கொதிகலன், துவைக்கும் இயந்திரங்கள், இஸ்திரி போடும் மூன்று பெண்கள். மாடியில் அவனும் மனைவியும். பிள்ளைகள் இல்லை. தம்பி ஆள் பருமன், வாய் ஓயாது. தோளில் ஒரு துண்டு எப்போதும் ஈரமாகக் கிடக்கும். அக்கா ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தால், தட்டில் ஒரு பருக்கை மிஞ்சாமல் வழித்துக் காட்டுவான். திட்டப் பிரிவு அதிகாரி வந்திருக்கிறார், மிச்சம் வைத்தால் அபராதம் போடுவார் என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பான்.

அந்தக் கால்வாய்க்கரைப் பகுதியையே புதுப்பிக்கும் பொறுப்பு அவளிடம் வந்தபோது அக்காவுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரின் மற்றப் பகுதிகளைப் புதுப்பித்த லட்சணத்தை அவள் பார்த்திருந்தாள். இடி, லாரியில் ஏற்று, ஊருக்கு வெளியே கொட்டு, புதிதாகக் கட்டு. வட்டப் பொருளாதாரம் என்று அப்போதுதான் எல்லாரும் பேசத் தொடங்கியிருந்தார்கள். பேசியவர்களில் பாதிப் பேருக்கு அது திரையில் காட்டுகிற ஒரு வட்டம். அவளுக்கு அது வீட்டுச் சமையலறையை நடத்துகிற மாதிரி ஒரு விஷயம். ஒருவர் கழிப்பது இன்னொருவருக்குச் சரக்காக வேண்டும், அந்தப் பகுதியைவிட்டு எதுவும் குப்பையாக வெளியே போகக் கூடாது. இதைச் சொல்வதற்கு எதற்குத் திரை, எதற்கு வட்டம் என்று கேட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.

தச்சுப்பட்டறையின் பின்புறம் மரத்தூள் குவிந்து கிடந்தது. மெத்தைக் கடைக்காரர் அடைக்கிற துணியைத் தொலைவிலிருந்து தருவித்துக்கொண்டிருந்தார். செடி வளர்க்கும் கண்ணாடிக்கூடத்தில் பனிக்காலம் வந்தால் நாற்றெல்லாம் கருகியது. தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லம், அங்கே எண்ணெயைக் குடித்துத் தீர்க்கும் ஒரு கிழட்டுக் கொதிகலன். இந்தப் பக்கம் தம்பியின் சலவைக்கூடம், காலையிலிருந்து மாலைவரை வெந்நீரைச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

"உன் சாக்கடைய எனக்குக் குடுடா" என்று தம்பியிடம் கேட்டாள்.

"இத்தனை வருஷத்துல என்கிட்ட நீ கேட்ட முதல் பொருள் இதுதான்க்கா. எடுத்துக்கோ" என்றான் அவன்.

எடுத்துக்கொண்டாள். அழுக்குத் தண்ணீரின் சூட்டை மட்டும் பிரித்து நல்ல தண்ணீருக்கு ஏற்றுகிற பெரிய பெட்டி ஒன்று சலவைக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி வந்தது. அங்கிருந்து தெருவுக்கு அடியில் குழாய்கள், ஒன்று முதியோர் இல்லத்துக்கு, ஒன்று கண்ணாடிக்கூடத்துக்கு. தச்சுப்பட்டறையின் மரத்தூள் கட்டிகளாக அழுத்தப்பட்டுத் தம்பியின் கொதிகலனுக்கு எரிபொருளானது. கிழிந்த விரிப்புகள் மெத்தைக் கடைக்குப் போயின. இல்லத்தின் பழைய கொதிகலனைக் கழற்றி அறுத்துக் கால்வாய்க்கரைக்குக் கைப்பிடிக் கம்பியாக்கினார்கள். எல்லாம் சுற்றிச் சுற்றி வந்தது. நடுவில் தம்பி நின்று அடுப்பெரித்தான்.

இதில் ஒரே ஒரு இடத்தில் தகராறு வந்தது. குழாய்ப் பொறியாளர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருக்கிறவர், வரைபடத்தில் இரண்டாவதாக ஒரு சிறிய கொதிகலனை வரைந்திருந்தார். தம்பியின் கொதிகலன் என்றைக்காவது நின்றால் உதவும் என்றார். வருஷத்தில் எத்தனை நாள் ஓடும் என்று அக்கா கேட்டாள். ஓடாமலே இருந்தால் நல்லதுதான் என்றார் அவர். அப்படியானால் ஓடாமலே நிற்பதற்கு ஒரு கொதிகலனா? அதற்கு இரும்பு, அதற்கு ஓர் அறை, அதற்குப் பராமரிப்பா? "சும்மா நிக்கிறதும் கழிவுதான் சார்" என்று சொல்லிச் சிவப்புப் பென்சிலால் அதை அடித்தாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்த வாக்கியம் பிறகு அலுவலகம் முழுவதும் சுற்றியது. எந்த விருந்தாளி வந்தாலும் தலைமை அதிகாரி அதைத் தன்னுடையதுபோல எடுத்துவிடுவார்.

பின்னால் இதற்காக அவளைத் திட்டியவர்கள் உண்டு. எனக்கு அவளைத் திட்ட மனம் வரவில்லை. ஒரு பழுதும் வராது என்று அவள் நம்பவில்லை. பழுது வந்தால் தம்பி பார்த்துக்கொள்வான் என்று நம்பினாள். தம்பியே பழுதாவான் என்று எந்த அக்கா கணக்குப் போடுவாள்?

சில வருஷங்கள் நன்றாகத்தான் ஓடியது. வெளியூர்களிலிருந்து பார்வையாளர்கள் வந்தார்கள். அக்கா முன்னால் நடந்து ஒவ்வொன்றாகக் காட்டுவாள், கடைசியில் சலவைக்கூடத்துக்கு வருவாள். தம்பி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் அக்கா மூளை, சூடு மட்டும் என்னுடையது என்பான். முதியோர் இல்லத்தில் அவனுக்கு வெந்நீர்த் தம்பி என்று பெயர். சாயங்காலம் வேலை முடிந்ததும் அங்கே போய் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வராவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. காலையில் தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்பான். ஒருவர் சூடு போதாது என்பார், இன்னொருவர் தோல் உரிந்துவிட்டது என்பார். அவன் இருவருக்கும் சரி சொல்லிவிட்டு வருவான்.

பிறகு அவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மரத்தூள் கட்டிகளை அள்ளிப் போடும்போது இடையில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டான். உடம்பு பெருத்துவிட்டது, அதுதான் என்று கொஞ்ச நாள் சமாளித்தான். அவன் மனைவி விடவில்லை, இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு, இதயத்துக்குப் போகும் குழாய்கள் அடைத்திருக்கின்றன, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், அதற்குப் பிறகு சில மாதங்கள் வெக்கையின் பக்கமே போகக் கூடாது, தள்ளிப்போடுகிற ஒவ்வொரு வாரமும் ஆபத்து என்று சொன்னார். பூசி மெழுகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்ததும் தம்பி கேட்டது, அடுப்பை யார் பார்ப்பார்கள் என்பதுதான். உரிமம் உள்ள இன்னொரு ஆள் முன்பு இருந்தார், பெரிய தொழிற்சாலை ஒன்று அவரைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. புதிதாக ஆள் தேடினார்கள். மரத்தூளில் எரிகிற கொதிகலன் என்றதும் வந்தவர்கள் எல்லாம் தலையைச் சொறிந்தார்கள்; பொத்தானை அமுக்கினால் ஓடுகிற இயந்திரத்தில் பழகியவர்கள். ஒருவர் வந்து இரண்டு நாள் பார்த்துவிட்டு, அந்த வெக்கை தனக்கு ஒத்துவராது என்று போய்விட்டார். சலவைக்கூடத்தை மூடுவதில் தம்பிக்கு ஒன்றுமில்லை, விரிப்புகளை வேறு யாராவது துவைப்பார்கள். முதியோர் இல்லத்துக்கு வேறு வெந்நீர் கிடையாது.

அக்கா உடனே அலுவலகத்தில் போய்க் கேட்டிருக்கலாம். அங்கேதான் அவள் கொஞ்சம் தயங்கினாள். ஆள் கிடைத்துவிடுவார், கிடைத்துவிடுவார் என்று சில வாரங்களை ஓட்டினாள். ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாக்கியத்தை எப்படித் திரும்ப விழுங்குவது என்ற எண்ணமும் அதில் இருந்தது. இல்லை என்று அவள் ஒருநாளும் சாதித்ததில்லை.

கடைசியில் குழாய்ப் பொறியாளரிடம் போய் நின்றாள். அன்றைக்கே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. பழைய வரைபடத்தை எடுத்து, அவளுடைய சிவப்புக் கோட்டின் மேலேயே அதே கொதிகலனை மறுபடி வரைந்து கொடுத்தார்.

தலைமை அதிகாரி வரைபடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எதுவும் சும்மா நிற்காத பகுதி என்றல்லவா நாம் பேர் வாங்கியிருக்கிறோம் என்றார். செய்யலாம், ஆனால் அடுத்த வருஷத் திட்டத்தில்தான் சேர்க்க முடியும் என்றார். அதுவரைக்கும் என்ன வழி என்று அவள் விடாமல் கேட்டாள். அவர் கெட்ட மனிதர் இல்லை, யோசித்துத்தான் பதில் சொன்னார். ஆஸ்பத்திரிகளில் கொதிகலன் நின்றுபோனால் அனுப்புவதற்கென்று நகர அலுவலகத்திடம் ஒரு வண்டி இருந்தது, லாரியின் முதுகில் பொருத்திய கொதிகலன்.

"அடுப்பு அணைஞ்சா அன்னைக்கே அனுப்பிடலாம் மேடம். எரிஞ்சுக்கிட்டு இருக்கே, அவசரம்னு நான் எப்படி எழுதறது?" என்றார்.

அவள் படி இறங்கும்போதே வழி தெரிந்துவிட்டது. அடுப்பு அணைய வேண்டும், அவ்வளவுதானே. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள்போலச் சலவைக்கூடத்துக்கு ஓடினாள். தம்பி கொதிகலனுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டியாகப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரே ஒரு நாள் அணைச்சுடுடா. வண்டி வந்துடும். நீ ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"வண்டி வர்ற வரைக்கும்?"

"ஒரு நாள். மிஞ்சிப்போனா ரெண்டு நாள்."

அவன் இன்னொரு கட்டியை அடுப்பில் போட்டான். போன பனிக்காலத்தில் ஒரு காலை வேளை பம்பு நின்றுபோனதை அவளுக்கு நினைவுபடுத்தினான். மத்தியானத்துக்குள் சரிசெய்துவிட்டான். அதற்குள் இல்லத்தின் கடைசி அறைப் பெரியவர், காத்திருக்கப் பொறுமையில்லாமல், பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டார். காய்ச்சல் நெஞ்சில் இறங்கி அந்த வாரமே போய்விட்டார். அதை அக்கா கேள்விப்பட்டிருந்தாள். வயதானவர், போய்விட்டார் என்று நினைத்து மறந்திருந்தாள். தம்பி மறக்கவில்லை.

"அன்னைக்கு அதுவா நின்னுச்சு, அத நான் தாங்கிக்கிட்டேன். இப்ப நானே நிறுத்தணும்ங்கிற. அதுல இன்னொருத்தர் போனா நான் எப்படிக்கா அந்த ஆபரேஷன் மேசையில படுப்பேன்? ஆள் கிடைப்பாங்க, பொறு."

அவன் மனைவி மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மாலை அக்கா கிளம்பும்போது வாசல்வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கேட்கமாட்டார், நீங்களாவது ஏதாவது செய்யுங்கள் அண்ணி என்றாள். அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. கையை மட்டும் விடவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் அக்கா யாருக்கும் சொல்லாமல் சலவைக்கூடத்தின் பின்பக்கம் போனாள். தெருவுக்குள் போகும் குழாய்களை அடைக்கும் சக்கரம் அங்கே ஒரு கூண்டுக்குள் இருந்தது, அதன் சாவி திட்டப் பிரிவில் அவளிடம். அதை மூடினால் போதும். இல்லத்தில் தண்ணீர் ஆறும், அங்கிருந்து புகார் போகும், வண்டி வரும். தம்பி அணைக்க வேண்டியதே இல்லை, பழி முழுக்க அவளுடையது. கூண்டைத் திறந்து சக்கரத்தின் மேல் கையை வைத்தாள். அது கதகதப்பாக இருந்தது. எதிரே இல்லத்தின் குளியலறைச் சன்னல்கள் திறந்திருந்தன, ஆவி வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே யாரோ ஒரு மூதாட்டி சோப்பு எங்கே என்று பணிப்பெண்ணிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி, நீ அதன் மேலேதான் உட்கார்ந்திருக்கிறாய் என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

அக்கா கையை எடுத்துவிட்டாள். கூண்டைப் பூட்டிவிட்டு அலுவலகத்துக்குப் போனாள். அந்தக் கிழவிகளுக்காகத்தான் எடுத்தாளா, இல்லை, தன் பகுதி ஒருநாளும் நின்றதில்லை என்ற அந்தப் பேருக்காக எடுத்தாளா? இதை அவள் எத்தனையோ தடவை தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறாள். எப்படி இருந்தாலும், தம்பியைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு சக்கரம் அவள் கைக்குள் வந்து போனது.

அவன் போனது ஒரு சாதாரண நாளில். காலையில் டீ குடித்தான், இஸ்திரி போடும் பெண்களில் ஒருத்தியின் மகளுக்கு வேலை கிடைத்ததைக் கேட்டு, இனி உன்னை முதலாளியம்மா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று கிண்டல் செய்தான். கட்டிகளை அள்ளப் போனான். மண்வாரி விழுந்த சத்தம் கேட்டது. இயந்திர இரைச்சலில் பழகிய அந்தப் பெண்கள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போய்ப் பார்த்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தம்பியின் மனைவி, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு. உள்ளே காகிதங்களைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அக்காவின் போன் அடித்தது. முதியோர் இல்லத்து மேலாளர். இந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான், தண்ணீர் ஆறத் தொடங்கிவிட்டது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். வெந்நீர்த் தம்பி போய்விட்டதை இல்லத்தில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை என்றார்.

அக்கா எழுந்து தாழ்வாரத்தின் கோடிக்குப் போய், தலைமை அதிகாரியைக் கூப்பிட்டாள்.

"சார், அணைஞ்சுடுச்சு" என்றாள்.

அவர் புரிந்துகொண்டார். ஆறுதலாக ஏதோ சொன்னார், அது அவள் காதில் ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் வேலைகள் முடிந்து தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. தெருமுனையிலேயே ஆம்புலன்ஸ் நின்றுவிட்டது, மேலே போக வழியில்லை. முன்னால் ஒரு பெரிய லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது, அதன் முதுகில் கொதிகலன். புத்தம்புதியதுபோலப் பெயின்ட் பளபளத்தது. அதிலிருந்து தடித்த குழாய்கள் சலவைக்கூடத்தின் வாசலை மறித்துப் பின்பக்கமாகப் போயிருந்தன. அந்தக் குழாய்களைத் தாண்டித்தான் தம்பியை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கியவர்கள் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தார்கள்.

லாரி ஓட்டுநர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். பிறகு மெல்ல வந்து, எல்லாம் மாட்டியாகிவிட்டது, கூண்டுக்குள் இருக்கிற சக்கரத்தை வண்டிக் குழாயின் பக்கம் திருப்பிவிட வேண்டும், கூண்டுச் சாவி திட்டப் பிரிவு மேடத்திடம் இருப்பதாகச் சொன்னார்கள் என்றார். அக்கா பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். ஓட்டுநர் சொன்னபடி சக்கரத்தைத் திருப்பினாள். தெருவுக்கு அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது தம்பியின் மனைவி வாசலில் நின்று அந்த லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஆட்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

"இத்தனை நாளா இது எங்க இருந்துச்சு அண்ணி?"

அக்கா பொய் சொல்லியிருக்கலாம். வேறு ஊரில் இருந்தது, பழுதாகிக் கிடந்தது, ஏதாவது ஒன்று. அவளுக்கு வாய் வரவில்லை.

"ஆபீஸ் கொட்டகையில" என்றாள். "சும்மாதான் நின்னுக்கிட்டு இருந்துச்சு."